நவச்சாரம் வைத்த தட்டு

ரஹீமுன்னிசாவின் காயலாங்கடைத் தராசு பழைய பேப்பரையும் ஓட்டைக் குழாயையும் நிறுத்தே பழகியது. கார்த்திகை மாதத்து அடைமழைக்கு நடுவில் ஒரு நாள் அதில் மூன்று இரும்புத் தட்டுகள் ஒவ்வொன்றாக ஏறின. யேசுதாஸ் ஒவ்வொன்றையும் கைக்குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போலக் கிடத்தினான். முள் நேராக நிற்கும்வரை மூச்சுவிடவில்லை.

"பன்னெண்டே கால். பதிமூணு. பன்னெண்டே முக்கால்," என்றாள் ரஹீமுன்னிசா. "மொத்தம் முப்பத்தெட்டு கிலோ. இன்னா யேசுதாஸு, என்கிட்ட எடுத்துகினு போன சாமான என்கிட்டயே எட போட எடுத்தாந்துகீற? ப்ளேனு வோணாம்னு ஆயிடுச்சா?"

"ப்ளேனு வோணும் பீபி. இந்த எடதான் வோணாம்."

"அப்ப நீ ஏறி நில்லு. உன்னையும் பாத்துடலாம்."

அவன் உண்மையாகவே ஏறி நின்றான். ஐம்பத்து நாலு. ரஹீமுன்னிசா வாயில் இருந்த வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். "ஒன்கிட்ட இதுக்கு மேல கொறைக்கறதுக்கு எலும்புதான் கீது."

ஈரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தான் பாஸ்கல். யேசுதாஸ் அவன் தங்கை ஐரீனின் புருஷன். துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்க்கும் பட்டறையில் பிட்டர். அதற்கு முன்னால் எட்டு வருஷம் விமானப் படையில் இருந்தவன். அங்கே அவன் வேலை இறக்கைகளைப் பூட்டுவது. மற்றவர்கள் பறக்கும்போது தரையில் நின்று, தான் பூட்டிய இறக்கை மேகத்துக்குள் மறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதக்கும் கிளைடர் ஓட்ட மட்டும் கற்றுக்கொள்ள விட்டார்களாம். அந்த அனுபவத்தைப் பற்றிச் சொல்லும்போது அவன் கண்கள் எதிரே இருப்பவரைத் தாண்டி எங்கேயோ போய்விடும்.

இப்போது அவனே ஒன்று கட்டிக்கொண்டிருந்தான். காத்திவாக்கத்தில் உப்பளத்தின் ஓரமாக ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகை. அதற்குள் ஆறு வருஷமாக ஓர் ஆள் உட்காரும் சின்ன விமானம், மரச் சட்டமும் துணியும் பசையுமாக வளர்ந்துகொண்டிருந்தது. இறக்கைத் துணி முழுவதையும் ஐரீன் தைத்தாள். ராயபுரத்தில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்த அதே மிஷினில், சட்டைக்கு நடுவில் இறக்கை, இறக்கைக்கு நடுவில் சட்டை. அவள் அதை 'அது' என்று சொன்னதில்லை. "அவன் மேல கூரை ஒழுவுது, போய் இன்னான்னு பாரு" என்பாள்.

எஞ்சின் வந்த கதை வேறு. கப்பலிலிருந்து இறக்கும்போது ஒரு ஜப்பான் கார் சங்கிலி நழுவிக் கல்தளத்தில் விழுந்தது. கார் அப்பளமாகிவிட்டது, எஞ்சினுக்குக் கீறல்கூட இல்லை. ஏலத்துக்கு ஏலம் கைமாறி அது ரஹீமுன்னிசாவின் கடைக்கு வந்தபோது, அது என்னவென்று ஊரில் தெரிந்த ஒரே ஆள் யேசுதாஸ்தான். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். இதில் குதிப்பதற்கு ஒன்றுமில்லை. இடுப்பு ஒடுங்கிய ஒரு கூட்டுக்குள் மூன்று மூலை கொண்ட ரோட்டர் சுழன்றுகொண்டே இருக்கும். அப்படி இரண்டு கூடுகள். தட்டு, கூடு, தட்டு, கூடு, தட்டு என்று டிபன் காரியர் மாதிரி அடுக்கி, நீளமான போல்ட்டுகளால் குத்தி இறுக்கியிருந்தார்கள். கூடுகள் அலுமினியம். தட்டுகள் மூன்றும் இரும்பு.

"ரோட்டுல போற காருக்கு இரும்பு இன்னா பண்ணும்? மேல போறவனுக்கு அது சனியன்," என்றான் யேசுதாஸ்.

கணக்கு எளிமையானது. உப்பளத்தில் அவனுக்குக் கிடைக்கும் ஓடுதளம் நானூறு கஜம். அதன் முடிவில் இடுப்புயர மண்வரப்பு. வரப்பைத் தாண்டினால் கழிமுகம். இரும்புத் தட்டுகளோடு விமானம் தரையை விட்டு எழும்ப நானூற்று முப்பது கஜம் வேண்டும்.

*

கொட்டகைக்குத் திரும்பி, ஐரீனும் சேர்ந்து மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். மழை கீற்றின் மேல் ஒரே சுருதியில் விழுந்துகொண்டிருந்தது. ஐரீன் ஒரு பொட்டலம் மசால்வடையைப் பிரித்து வைத்தாள்.

யேசுதாஸ் விரல் விட்டு எண்ணினான். இரும்பைச் சீவி மெலிதாக்கலாம். சூட்டில் விரிசல் விடும். பெட்ரோலைக் குறைக்கலாம். ஏறும், இறங்கி வர மிச்சமிருக்காது. அல்லது முன்தட்டையும் பின்தட்டையும் அலுமினியத்தில் வார்க்கலாம். நடுத்தட்டுக்கு இரண்டு பக்கமும் நெருப்பு, ஆகவே அது இரும்பாகவே இருக்கட்டும். பதினாலு கிலோ குறையும். வெளிநாட்டில் வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் சிலர் இப்படிச் செய்ததாக ஒரு பழைய பத்திரிகையில் படித்திருந்தான்.

"அப்ப அத்த பண்ண வேண்டிதானே?" என்றாள் ஐரீன்.

"அலுமினியம் சாது. ரோட்டரோட சீலு ஒரசி ஒரசித் தின்னுடும். மேல கெட்டியா குரோம் ஏத்தணும். அப்பறம் தட்டுக்குள்ளயே தண்ணி ஓடற வழி கீது. அத்த எவன் ஊத்துவான்?" அவன் வடையைப் பிட்டான், வாயில் போடவில்லை. "இரும்பே இருக்கட்டும். இந்த வருஷம் போவட்டும். வேற எஞ்சின் எதுனா மாட்டாமலா பூடும்?"

அவன் அப்படியே விட்டிருப்பான். அதுதான் பின்னாளில் பாஸ்கலை அரித்தது. யேசுதாஸ் கையை விட்ட இடத்தில் அவன்தான் கையைக் கொடுத்தான்.

"நான் ஊத்தித் தரேன் மாப்ள."

பாஸ்கல் திருவொற்றியூரில் ஒரு சின்ன பவுண்டரியில் மோல்டர். தண்ணீர் பம்புகளுக்கு இரும்புக் கூடு வார்ப்பது அவன் வேலை, இருபது வருஷமாக. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தங்கையை அவன்தான் ஆளாக்கினான். அவள் புருஷன் முகத்தில் அந்த மாதிரி ஒரு வெளிச்சம் அணைவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நீ இரும்பு ஊத்தறவன் மச்சான்."

"நெருப்புக்கு இன்னாயா தெரியும், இரும்பா அலுமினியமான்னு? எத்தினி பம்பு ஊத்திகீறேன். தண்ணி போற வழி எனக்குத் தெரியாதா?"

யேசுதாஸ் கையிலிருந்த வடையைப் பொட்டலத்தில் வைத்தான். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "தண்ணி ஓடற எடத்துல ஊசி மொன ஓட்டகூட இருக்கக்கூடாது. இருந்துச்சுன்னா ஒடச்சுப் போட்டுடு. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன், இரும்பையே மாட்டிக்கறேன். ஆனா எனக்குத் தெரியணும்."

"சரி," என்றான் பாஸ்கல்.

*

டிசம்பர் முழுவதும், முதலாளியிடம் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் அந்தத் தட்டுகளை வார்த்தான். உருக்குவதற்கு அலுமினியப் பாத்திரம் எதையும் கிட்டே சேர்க்கவில்லை. பழைய ஸ்கூட்டர் பிஸ்டன்களாகப் பார்த்து ரஹீமுன்னிசா ஒரு சாக்கு நிறையப் பொறுக்கிக் கொடுத்தாள். பிஸ்டன் உலோகம் சூடு தாங்கும். அந்த மட்டில் அவன் செய்தது அத்தனையும் சரி.

ஆனால் இரும்பு அவனுக்குச் சொல்லிக்கொடுக்காத ஒன்று அலுமினியத்தில் இருந்தது. உருகிய அலுமினியம் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். குடித்ததை ஆறும்போது சின்னச் சின்னக் குமிழிகளாகக் கக்கும். மழைக்காலம். பவுண்டரிக்குப் பின்னால் கடல். மணல், கரி, சாக்கு, எல்லாமே நமுத்துப்போயிருந்தன. முதல் நாலு வார்ப்புகளை உடைத்துப் பார்த்தபோது உள்ளே ரொட்டி மாதிரி இருந்தது.

ஐந்தாவது தடவை இரண்டு தட்டுகளும் நன்றாக விழுந்தன. தட்டினால் மணி போலக் கேட்டது. லேத்தில் கடைந்து முடித்ததும், துளைகளை ரப்பரால் அடைத்து உள்ளே தண்ணீரைக் கைப்பம்பால் ஏற்றினான். வெளியே சுண்ணாம்புப் பொடியைப் பூசிவிட்டுக் காத்திருந்தான். முன்தட்டு வெள்ளையாகவே இருந்தது. பின்தட்டில், நாலாவது போல்ட் துளைக்குப் பக்கத்தில், கடுகில் பாதி அளவுக்கு இரண்டு புள்ளிகள் கறுத்தன.

தட்டு வேர்த்திருந்தது.

பிஸ்டன் தீர்ந்துபோயிருந்தது. தண்டையார்பேட்டையில் குரோம் ஏற்றும் பட்டறைக்காரன் அந்த வாரத்துக்குள் தட்டுகளைக் கேட்டிருந்தான். உப்பளமும் காத்திருக்காது. அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த சுப்புராஜ் தூத்துக்குடிக்காரர். வடக்கே வந்து இருபது வருஷமாகியும் பேச்சு மாறாதவர். மழைத் தண்ணீரை வடித்து, பாத்திகளை ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்துக் கல்லாக்கிய பிறகு, உப்புத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு முன்னால் வருஷத்தில் பத்தே நாள் அந்தத் தரை சும்மா கிடக்கும். உள்வரப்புகளைக் கடைசியில்தான் போடுவார்கள். "அந்தப் பத்து நாளு ஒனக்குத் தந்துருக்கேன்ல," என்று யேசுதாசிடம் சொல்லியிருந்தார். "அதுக்கு மேல ஒரு நாளு கேக்கப்பிடாது. ஜனவரி கடைசித் திங்கக்கெழம தண்ணி விட்ருவேன்."

உண்மையைச் சொன்னால், பாஸ்கல் அன்றைக்குத் தப்பு செய்வதாகவே நினைக்கவில்லை. இரும்பு வார்க்கிற பவுண்டரிகளில் வேர்த்த பம்பை யாரும் உடைப்பதில்லை. நவச்சாரம் என்ற உப்பையும் இரும்புத் தூளையும் தண்ணீரில் குழைத்து அந்த இடத்தில் அப்பி, ஈரச் சாக்கு போட்டு மூடிவிடுவார்கள். இரண்டு நாளில் உள்ளே துரு பிடித்து, துரு பருத்து, துளை தானாக அடைத்துக்கொள்ளும். அப்படி மருந்து வைத்த பம்புகள் இருபது வருஷமாக எங்கெங்கோ தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கின்றன. அவன் கையே நூறு பம்புக்கு வைத்திருக்கும். புண்ணுக்கு மருந்து வைப்பது போன்ற காரியம் அது.

தன் தூக்குச் சட்டியின் அலுமினிய மூடியில் நவச்சாரத்தைக் குழைத்தான். இரண்டு புள்ளிகள் மேலும் அப்பினான். மிச்சத்தை மூடியோடு அலமாரியில் வைத்து மறந்துபோனான். மூன்றாம் நாள் யேசுதாஸ் வந்து பக்கத்தில் நின்றுகொண்டிருக்கத் தண்ணீர் ஏற்றினான். சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது.

"ஊசி மொன கூட இல்லையே மச்சான்!" யேசுதாஸ் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

பாஸ்கல் சொல்லத்தான் வாயைத் திறந்தான். சொன்னால் இவன் இரும்புக்குத் திரும்பிவிடுவான் என்று தெரியும். அடைத்த ஓட்டை ஓட்டை இல்லையே என்றும் தோன்றியது. வாயை மூடிக்கொண்டான்.

*

ஜனவரி இருபத்தைந்து, சனிக்கிழமை. எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டார்கள். தையல் மிஷின் வேகமாக ஓடுவது போல அதிர்வே இல்லாத ஒரு சத்தம். கொட்டகையின் கீற்றெல்லாம் பின்னால் பறந்து ஒட்டிக்கொண்டது. நண்டு பிடிக்கப் போன பெண்கள் கூடையை இடுப்பில் வைத்தபடி வரப்பில் நின்று பார்த்தார்கள். தண்ணீர் ஒரு சொட்டு குறையவில்லை. ஐரீன் விமானத்தின் மூக்கைத் தடவிக்கொடுத்து, "கம்முனு சமத்தா போய்ட்டு வரணும், இன்னா?" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. குடியரசு தினம், அளத்தில் ஆட்கள் இல்லை. ராயபுரத்தில் முதல் பூசை முடிந்து யேசுதாசும் ஐரீனும் நேராகக் காத்திவாக்கத்துக்குப் போனார்கள். பெரிய ஸ்பேனர் ஒன்றை எடுத்துவர பாஸ்கல் மட்டும் சைக்கிளில் பவுண்டரிக்குப் போனான்.

பூட்டைத் திறந்து ஸ்பேனரை எடுத்தான். தாகமாக இருந்தது. பானைக்குப் பக்கத்தில் தம்ளரைக் காணவில்லை. அலமாரியில் தூக்குச் சட்டி மூடி இருப்பது நினைவுக்கு வந்தது. காய்ந்து ஒட்டியிருந்த நவச்சாரத்தைச் சுரண்டினான். அது மாவு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தது. துரு நிறத்தில் அல்லவா இருக்க வேண்டும்? பானையில் முக்கி எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் தண்ணீர் முழங்கை வழியாக ஓடியது.

மூடியை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தான். அடிப்பாகத்தில், மருந்து இருந்த இடத்தில் மட்டும், ஒரு கைப்பிடி எள்ளை இறைத்தது போல வெளிச்சப் புள்ளிகள். விரலை வைத்து லேசாக அழுத்தினான். விரல் அந்தப் பக்கம் போயிற்று.

இரும்பின் புண்ணை ஆற்றுகிற மருந்து அலுமினியத்தைத் தின்னும். இருபது வருஷத்தில் அதை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

திருவொற்றியூரிலிருந்து காத்திவாக்கம் வரை அவன் எப்படி மிதித்தான் என்று அவனுக்கே தெரியாது. தேரடியில் ஒரு கிழவர் திட்டியது, ரயில்வே கேட்டுக்குக் கீழே குனிந்து சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடியது, செருப்பில் ஒன்று போனது, இவ்வளவுதான் ஞாபகம்.

அவன் போய்ச் சேர்ந்தபோது விமானம் கொட்டகைக்கு வெளியே பாத்தி விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. யேசுதாஸ் உள்ளே உட்கார்ந்திருந்தான். நானூறு கஜத்துக்கு அப்பால், மண்வரப்பின் மேல், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட ஒரு வெள்ளைத் துணியை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தபடி ஐரீன் நின்றாள். இறக்கையில் மிஞ்சிய துணி. சுப்புராஜ் அவளுக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்றார். இங்கிருந்து கத்தினால் அங்கே கேட்காது.

"நிறுத்து மாப்ள! எறங்கு!"

யேசுதாஸ் காதை அவன் பக்கம் சாய்த்தான். பாஸ்கல் சொன்னான். புள்ளிகள், நவச்சாரம், மூடி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். இடுப்பில் செருகியிருந்த மூடியை எடுத்து வெயிலுக்குப் பிடித்துக் காட்டினான்.

யேசுதாஸ் அந்தப் புள்ளிகளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று பாஸ்கல் காத்திருந்தான். வரவில்லை.

"எத்தினி எடத்துல?"

"ரெண்டு. கடுகுகூட இல்ல."

"நேத்து அரை மணி தாங்கிச்சு."

"தாங்கிச்சு. அதனால? எறங்குயா. ஒன் கால்ல விழறேன்."

"நான் கேக்கறது ஏழு நிமிசம் மச்சான். ஒரு ரவுண்டு. கழிமொகம் தாண்டித் திரும்பி இங்கியே."

"அடுத்த வருசம் வேற தட்டு ஊத்தித் தரேன். நல்லா. சத்தியமா."

யேசுதாஸ் முன்னால் விரிந்து கிடந்த தரையைப் பார்த்தான். நாளைக்கு அது தண்ணீராகிவிடும். மிதித்து மிதித்து மழுங்கிய சாம்பல் நிறத் தரை, அதன் முடிவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"நீ ஏன் மச்சான் என்கிட்ட சொன்ன?" என்றான். குரலில் குற்றம் சாட்டுவது போல எதுவும் இல்லை. ஏமாந்த குழந்தையின் குரல் அது. "சொல்லாம இருந்திருந்தா நான் சந்தோசமா போயிருப்பேனே."

பாஸ்கல் மூடியைக் கீழே இறக்கினான்.

"அவகிட்ட இத்த சொல்லாத. எறங்கி வந்து நானே சொல்லிக்கறேன். ரெண்டு பேரும் சேந்து திட்டு வாங்கலாம்." அவன் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான். "கட்டைய எடு."

சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு கட்டைகள் முட்டுக்கொடுத்திருந்தன. பாஸ்கல் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் எடுக்காவிட்டால் விமானம் நகராது. அவ்வளவுதான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே நின்றிருக்கலாம். யேசுதாஸ் அவசரப்படுத்தவில்லை. ஆறு வருஷம் காத்திருந்தவன், இன்னும் சற்று காத்திருப்பது அவனுக்குப் பெரிதல்ல என்பது போல உட்கார்ந்திருந்தான். அந்தப் பொறுமைதான் பாஸ்கலைத் தோற்கடித்தது.

குனிந்து, ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு கட்டைகளையும் இழுத்தான்.

*

விமானம் வரப்புக்கு முப்பது கஜம் முன்னாலேயே எழும்பியது. கணக்கு துல்லியமாக இருந்தது. ஐரீனின் தலைக்கு மேலே அது போனபோது அவள் துணியை விட்டுவிட்டுக் கைதட்டினாள். துணி கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே பறந்தது. யேசுதாஸ் கையை வெளியே நீட்டி அசைத்தான். பாஸ்கல் அதைப் பார்த்தான். அந்தக் கை யாருக்காக அசைந்தது என்பதில் சந்தேகமில்லை.

முதல் நிமிடம். இரண்டாவது. கழிமுகத்துக்கு மேலே அது ஒரு நாரையைவிடப் பெரியதாக இல்லை. திரும்பியது. வெயில் இறக்கையில் பட்டு, உள்ளே இருக்கும் சட்டங்கள் மீன் முள் மாதிரி தெரிந்தன. உலகத்தில் எதுவும் அவ்வளவு அழகாக இருந்து அவன் பார்த்ததில்லை. அந்த அழகை அவன் பிற்பாடு மன்னிக்கவே இல்லை.

நாலாவது நிமிடம் அதன் பின்னால் ஒரு வெள்ளை நூல் வந்தது.

மேகம் என்று நினைத்து ஐரீன் கையைக் காட்டிச் சிரித்தாள். நூல் தடித்தது. ஆவி. தையல் மிஷின் சத்தம் ஒரு முறை கனைத்து, கரகரத்து, நின்றது. அதற்குப் பிறகு கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. விமானம் சத்தமில்லாமல் அளத்தை நோக்கி வந்துகொண்டே இருந்தது, வரப்புக்கு வந்துவிடும் என்று தோன்றும்வரை. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கழிமுகத்துச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். கெங்கம்மா என்ற ஒருத்தி, வாயில் கவ்வியிருந்த, இறால் போடும் ஓலைப் பறியைத் துப்பிவிட்டு, அவன் தலையைச் சேற்றுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மூஞ்சிலகூட ஒரு அடி இல்லியேம்மா," என்று ஐரீனிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள், அதில் ஏதோ ஆறுதல் இருப்பது போல.

*

போலீஸ் விசாரணை முடிய இரண்டு மாதம் ஆயிற்று. அனுமதி இல்லாமல் பறந்து செத்த ஒருவனைப் பற்றி அதற்கு மேல் எழுத அவர்களிடம் ஒன்றுமில்லை. சேற்றிலிருந்து எடுத்த எஞ்சினை, எங்கிருந்து வந்ததோ அங்கேயே கொண்டுபோய்ப் போட்டார்கள். ரஹீமுன்னிசா ஆள் அனுப்பினாள். "என் கையால இத்த ஒடைக்க மாட்டேன். வந்து இன்னா வோணுமோ பண்ணிக்கோங்க."

பாஸ்கல் தனியாகப் போய் போல்ட்டுகளைக் கழற்றினான். பின்தட்டு கையோடு வந்தது. நாலாவது துளைக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. விளிம்பெல்லாம் வெள்ளை மாவு. மற்ற இடங்களில் வார்ப்பு முதல் நாள் போலவே இருந்தது. நல்ல வார்ப்பு. அவன் செய்ததிலேயே நல்ல வார்ப்பு.

நிழல் விழுந்தது. ஐரீன் வாசலில் நின்றாள். ரஹீமுன்னிசா அவளுக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அதுதானாண்ணா?" என்றாள்.

அவன் தட்டை மறைக்கவில்லை. இரண்டு மாதமாக மறைத்ததைச் சொன்னான். வேர்த்தது, மருந்து வைத்தது, சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது, தூக்குச் சட்டி மூடி. ஐரீன் தைக்கும்போது ஊசியைப் பார்ப்பது போல அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம காலைல மூடியப் பாத்தேன்னியே," என்றாள் கடைசியில். "அப்பறம்தானே நீ அளத்துக்கு வந்த. அவருகிட்ட ஏதோ பேசிகினு இருந்தத நான் அங்க இருந்து பாத்தேன். இத்த சொன்னியா? அவருக்குத் தெரியுமா?"

பாஸ்கல் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். 'தெரியும்' என்ற ஒரு சொல் போதும். அவன் மேல் கிடந்த பாரத்தில் பாதி இறங்கிவிடும். அந்தப் பாதி எங்கே போய் உட்காரும் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், தலைக்கு மேலே அசைந்த அந்தக் கையை இனி ஆயுள் முழுக்க வேறு மாதிரி நினைத்துப் பார்ப்பாள். தெரிந்தே அவளைத் தாண்டிப் போன கை.

"இல்ல," என்றான். "ஸ்பேனரப் பத்திப் பேசினேன். சொல்லணும்னுதான் ஓடியாந்தேன். அவன் மூஞ்சப் பாத்ததும் வாய் வரல. கட்டைய நான்தான் எடுத்து வுட்டேன்."

ரஹீமுன்னிசா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

ஐரீன் அழவில்லை. கிட்டே வந்து அவன் கையிலிருந்த தட்டை வாங்கினாள். கனமாக இருக்கும் என்று நினைத்து இரண்டு கையையும் நீட்டினாள் போலிருக்கிறது. வாங்கியதும் கைகள் சட்டென்று மேலே எழும்பின. பிறகு அதைத் தராசில் கொண்டுபோய் வைத்தாள்.

"எவ்ளோ பீபி?"

ரஹீமுன்னிசா படிக்கல்லை மாற்றி மாற்றி வைத்தாள். "அஞ்சே முக்கால்மா."

"அது?" பின்னால் சுவரோரம் சாய்ந்திருந்த பழைய இரும்புத் தட்டைக் காட்டினாள். யேசுதாஸ் கழற்றி, பிறகு இங்கேயே கொண்டுவந்து போட்டது.

"அது பன்னெண்டே முக்கால். அன்னிக்கி நான்தான் பாத்தேன்."

ஐரீன் உதட்டுக்குள் கழித்துப் பார்த்தாள். "ஏழு கிலோ," என்றாள் யாருக்கென்று இல்லாமல். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பாமலேயே சொன்னாள்:

"இனிமே நீ எங்க வூட்டுப் பக்கம் வராதண்ணா."

"சரி," என்றான் பாஸ்கல். அன்றைக்கு மழையில், கொட்டகையில், யேசுதாசுக்குச் சொன்ன அதே குரலில் அது வந்தது.

அவள் தேரடிப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உட்கார்ந்து, மிச்சமிருந்த போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான். ரஹீமுன்னிசா தராசிலிருந்து தட்டை எடுக்கவில்லை. யாராவது எடுப்பார்கள் என்று அது அங்கேயே கிடந்தது.